ஒன்பதாம் கேள்வி

உட்துறைமுக வீதி, காப்புறுதிக் கந்தோர், இரண்டாம் மாடி.
யன்னலுக்குக் கீழே ஒரு மான்
வாழைப்பழத் தோலோடு மல்லுக்கட்டுகிறது.
என் மேசையில் ஒன்பதாம் கேள்வி:
இழப்பு எவ்வாறு ஏற்பட்டது?
மூன்று வரி இடம். ஆங்கிலத்தில் எழுதவேண்டும்,
கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கு.

எதிரே சித்திரவேல், திருக்கடலூர்.
கேட்க முதலே சொல்லிவிட்டார்:
“நித்திரை கொண்டிட்டன் தங்கச்சி.
கல்லில ஏத்தி உடைச்சன்.”

உடைஞ்சுது என்று சொல்லியிருக்கலாம்.
அந்த ஞ் இருந்திருந்தால்
காற்றோ நீரோட்டமோ கடவுளோ
யாரென்றாலும் உள்ளே வந்து இருந்திருப்பார்கள்.
இவர் ச் போட்டார்.
ஒற்றெழுத்து.
மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்.

என் லாச்சிக்குள் ஆங்கில வினைகள் கிடக்கின்றன,
ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி வால்.
லெட் டு: கையைப் பிடித்துக் கூட்டிப்போவது.
மங்கல் வெளிச்சம் படகைக் கல்லடிக்குக் கூட்டிப்போனதாம்,
நேர்சரிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதுபோல.
கிவ் றைஸ் டு: வேலைக்கு வந்த புதிதில்
சோறு கொடுப்பதென்றே காதில் விழுந்தது.
சந்தேகத்துக்கும் முறைப்பாட்டுக்கும் அது சோறு போடும்,
உடைந்த பலகைக்குப் போடாது.
செட் ஓஃப்: அலாரம், பட்டாசு, கலவரம்.
ஒன்று தட்ட மற்றது வெடிக்கவேண்டும்.
கல்லில் ஏறியபோது சத்தமே இல்லை என்கிறார்.
பிறிங் ஒன்: உடம்புக்குரியது.
தலையிடி, இழுப்பு, களைப்பு.
இதை மட்டும் எடுத்து வெளியே வைத்தேன்.

றிசல்ட் என்பதோடுதான் கவனம்.
இன் என்றால் குற்றவாளி முன்னுக்கு நிற்பார்,
ஃப்றம் என்றால் பின்னுக்கு.
போன வருஷம் நான் வாலை மாற்றிப்போட்டு
கிண்ணியாக் கடையொன்றில்
கருகிய அரிசி மூட்டைகளே
தீயை மூட்டியதாக எழுதி அனுப்பிவிட்டேன்.
நஸ்மியா மேடம் ஒரு கிழமை சிரித்தார்.

“ஏன் நித்திரை வந்தது?”
மூன்று இரவு ஆஸ்பத்திரி வாங்கில்.
“ஏன்?”
மகளுக்கு டெங்கு.
“எப்படி?”
பக்கத்து வளவில் மழைத்தண்ணி நின்ற டயர்.
யாருடைய டயர் என்று நான் கேட்கவில்லை.
மூன்று வரிக்குள் டயர் அடங்காது.

எழுதினேன்:
தொடர்ந்த கண்விழிப்புக் கொண்டுவந்த களைப்பு
கவனக்குறைவுக்கு இட்டுச்சென்று
படகின் சேதத்தில் முடிந்தது.
மூன்று வினை, மூன்று வால்.
மேடம் பென்சிலால் கவனக்குறைவை வெட்டினார்.
“ஆரும் உங்களிட்ட அதைக் கேட்டவையா?”
இரண்டு வினை, இரண்டு வால்.

கையெழுத்துக்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுவது விதி.
வாசித்தேன்.
வேறு யாருடையதோ மரண அறிவித்தலை
ரேடியோவில் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.
முடிந்த பிறகு கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
“அதில நான் எங்க?”

புள்ளிக்கோடு போட்ட இடத்தைக் காட்டினேன்.

பேனையை வாங்க எட்டியபோது
முழங்கை பட்டு என் தேத்தண்ணிக் கோப்பை சரிந்தது.
படிவத்தின் மூலையில் கபிலமாக ஊறியது.
“பரவாயில்லை அண்ணை, கொட்டுண்டிட்டு.”
“கொட்டுண்டேல்ல,” என்றார்
தோளில் கிடந்த துவாயை எடுத்து.
“கொட்டிட்டன்.”